அழிந்துபோன பெரணி

கம்பி இழுபடுகிற கிறீச்சென்ற சத்தம்தான் முதலில் கேட்டது. பாறை இடுக்கில் கோடைக்காகச் சுருண்டு, சருகு மாதிரிக் கிடந்த பெரணிக்கு எட்டிப் பார்க்கத் தெம்பில்லை. அந்த வறண்ட மலையில் அதன் இனத்தில் மிச்சம் அது ஒன்றுதான். மழை வந்தால் விரியும், அதுவரை தூங்கும்.

முதல் மழைக்கு விரிந்து பார்த்தால், சுற்றியிருந்த முள்வேலியைக் காணோம். பக்கத்தில் ஒரு புதுப் பலகை நின்றது.

"அண்ணே, என் வேலி எங்கே?" என்று பலகையிடம் கேட்டது பெரணி.

"சித்திரையில ஆராய்ச்சிக்காரங்க வந்தாங்க. நீ காய்ஞ்சு கிடந்தே. 'அரிய பெரணி இங்கே வாழ்ந்தது, அழிந்துவிட்டது'ன்னு என்மேல எழுதிட்டாங்க. வேலி வேற ஏதோ அரிய செடிக்கு வேணுமாம், பிடுங்கிட்டுப் போயிட்டாங்க."

"அதான் பச்சையா உங்க முன்னால நிற்கிறேனே!"

"நிற்கலாம் தம்பி. ஆனா எழுதியாச்சே. வர்றவங்க எல்லாம் என்னைப் படிச்சு வருத்தப்பட்டு, போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. இப்பப் போய் நீ இருக்கேன்னா நல்லாவா இருக்கும்?"

அப்போது வெள்ளாடு ஒன்று மேய்ந்தபடியே மேலேறி வந்தது. பெரணியைக் கண்டதும் நின்றது.

"இது வேலி போட்டிருந்த செடியாச்சே, வாய் வைக்கலாமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டது.

"அண்ணே, நான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!" என்று கெஞ்சியது பெரணி.

பலகை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"இங்கே பெரணி எதுவும் இல்லையே," என்றது.

"அப்ப சரி," என்ற ஆடு, தலையைக் குனிந்து மேய்ச்சலைத் தொடர்ந்தது.