ஸ்டோர் வாசல் சோதனை

சாயங்காலம் ஐந்தரை மணி. உடும்பஞ்சோலைக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், ஏலக்காய் ஸ்டோர் வாசலில் இருபத்தாறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். கடைசிக்கு முந்தியவள் பிலோமி.

உலர்ந்த காயைத் தரம் பிரிக்கிற பெண்களுக்கு வீட்டுக்குப் போகும் முன் சோதனை உண்டு. ஒரு பிடி காய் வெளியே போனாலும் மலைக்குக் கீழே கம்பம் ஊர்ச் சந்தையில் விலையாகிவிடும். அதனால் மடி, இடுப்பு, மார்பு என்று ஒவ்வொருத்தியையும் தடவிப் பார்த்து அனுப்புவாள் அன்னாள். பல வருஷமாக அதுதான் அவள் வேலை.

பிலோமியின் முறை வந்ததும் அன்னாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீ போ பிள்ள."

மதுரையில் ஆபரேஷன் முடிந்து பிலோமி வேலைக்குத் திரும்பியதிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. இடது மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்து, கரண்டு என்று சொல்லும் கதிர்வீச்சும் வைத்து அனுப்பியிருந்தார்கள். கட்டி போய்விட்டது. வீக்கம் போகவில்லை. காலையில் கொஞ்சம் தேவலை, பொழுது சாயும்போது கனத்துவிடும்.

பிலோமி அதற்காக மூலையில் உட்காரவில்லை. இடது பக்கம் தளர்வாக ஜாக்கெட் தைக்கச் சொன்னாள். வலது பக்கம் துணியை மடித்து உள்ளே வைத்து இரண்டையும் சமமாக்கினாள். காய் பொறுக்கும்போது இடது கையை ஒரு சாக்கு மூட்டை மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். வேலையில் அவளை யாரும் குறை சொன்னதில்லை.

பேச்சு வேறு பக்கம் கிளம்பியது. "எங்களக் கோழி வாங்குறவ மாதிரித் தடவுறா. அவ மட்டும் என்ன, துரைசாணியா?" என்றாள் பேச்சியம்மாள். அந்தத் துணி மடிப்புக்குள் காய் இருந்தால் யாருக்குத் தெரியும் என்றாள் இன்னொருத்தி. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அன்னாள் அருவருக்கிறாள் என்பதுதான் பெரும்பாலானவர்கள் முடிவு. ஞாயிறு பூசையில்கூட அவள் பிலோமி பக்கத்தில் உட்காருவதில்லை என்று சாட்சியும் சொன்னார்கள்.

எல்லாம் பிலோமி காதுக்கு வந்தது. அவள் புருஷன் சுவக்கீன், தடவாமல் விட்டால் தொல்லை விட்டது என்று இருக்கச் சொன்னான்.

"தொடாம விட்டா ஒண்ணு நான் திருடி, இல்ல நோய்க்காரி. ரெண்டும் நான் இல்ல" என்றாள் பிலோமி.

மறுநாள் தன் முறை வந்தபோது அவள் வாசலை விட்டு நகரவில்லை.

"தடவிப் பாருங்கக்கா."

"நேரமாகுது பிள்ள, போ."

"பாக்காமப் போக மாட்டேன்."

சூப்பர்வைசர் சகாயம் என்ன தகராறு என்று கேட்டார். எல்லாரையும் பார்க்கத்தான் சம்பளம் என்று அன்னாளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிலோமி இரண்டு கையையும் விரித்தாள். வரிசைக்கே கேட்கும்படி சொன்னாள்:

"இடது பக்கம் கரண்டு வச்ச வீக்கம். வலது பக்கம் எங்க வீட்டுக்காரர் பழைய வேட்டி. ரெண்டும் எஸ்டேட் சொத்து இல்ல."

பேச்சியம்மாளே சிரித்துவிட்டாள்.

அன்னாள் வலது பக்கம் பார்த்தாள். வேட்டித் துணிதான். இடது பக்கம் போன கை பாதியில் நின்றது. பிலோமி அந்தக் கையைப் பிடித்து வீக்கத்தின் மேல் வைத்தாள்.

"அருவருப்பா இருக்காக்கா?"

இல்லை என்று அன்னாள் தலையசைத்தாள். கையை எடுக்கவில்லை. பின்னால் நின்றவளுக்குக் கேட்காதபடி பிலோமியின் காதருகே குனிந்தாள்.

"முதல்ல கட்டி வந்தப்ப உனக்கு வலிச்சுதா பிள்ள?"

"இல்லக்கா. வலியே இல்ல. தொட்டா கல்லு மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்."

"எனக்கும் வலிக்கல" என்றாள் அன்னாள்.

1977 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, மதுரையில் அன்னாளுக்கு ஆபரேஷன் நடந்தது. துணைக்கு இருந்தவள் பிலோமி.