ஒரு விரற்கடைச் சாய்வு

“சமமாக்கத்தானே லேசர் மெஷினைக் கொண்டாரச் சொன்னிய? இப்ப சாய்வு வைக்கச் சொல்லுதியளே அண்ணாச்சி!”

ஓடிக்கொண்டிருந்த டிராக்டரை நிறுத்திக் கேட்டான் ஜோஷ்வா. வரப்பில் நின்ற கோமதிநாயகம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். வயலின் மூலையில், முக்காலியின் மேல் லேசர் கருவி சுற்றிக்கொண்டிருந்தது. அது வீசும் ஒளிக்கோடு பகல் வெயிலில் கண்ணுக்குத் தெரியவில்லை. இவ்வளவு நேரமும் டிராக்டருக்குப் பின்னால் இருந்த மண் வாரும் பலகை மட்டும் அதற்குக் கட்டுப்பட்டு ஏறி இறங்கியது.

“எங்க மச்சானுக்குக் கிட்னிக் கல்லை லேசர் வச்சுத்தான் ஒடைச்சாவ” என்றார் கோமதிநாயகம்.

“அது கல்லை ஒடைக்கும், இது மண்ணை நிரவும். சூப்பர் மார்க்கெட்டுல சோப்பு டப்பாவைக் காட்டினா வெலை சொல்லுதே, அதுவும் லேசர்தான். பேச்சை மாத்தாதிய. சாய்வு வச்சா ஒங்க தண்ணி பக்கத்து வயலுக்குல்லா போவும்?”

“ஒரு விரக்கடை போதும்.”

“இந்தப் பக்கத்துக் கதிரு காஞ்சிரும்.”

“காஞ்சா காயட்டும் வே.”

பக்கத்து வயல் தம்பி முத்துக்கிருஷ்ணனுடையது. பாகம் பிரித்தபோது இதே வரப்பில் ஓரடி மண்ணுக்காகச் சண்டை மூண்டது. பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. முதலில் கோபத்தால் பேசவில்லை. பிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பேசவில்லை.

போன ஆவணியில் மனைவி பூமாரியைப் பாம்பு கடித்தது. அன்று கோமதிநாயகம் தென்காசியில் இருந்தார். வயலில் கிடந்தவளைத் தூக்கி பைக்கில் உட்காரவைத்து, தன் முதுகோடு துண்டால் கட்டிக்கொண்டு, சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன் தம்பிதான். இவர் போய்ச் சேர்ந்தபோது பூமாரி கண் விழித்திருந்தாள். தம்பி கிளம்பிப் போயிருந்தான். கட்டில் கம்பியில் அந்தத் துண்டு மட்டும் தொங்கியது.

துண்டைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு மூன்று தடவை அவன் தெரு வரைக்கும் போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் கால் திரும்பிவிட்டது. வாய்தான் வரவில்லை, தண்ணீராவது போகட்டும்.

“அவனுக்குத் தெரிய வேண்டாம். நீரும் சொல்லிராதேயும்” என்றார்.

ஜோஷ்வா எஞ்சினை அணைத்தான். இரண்டு வயல்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

“சொல்லப்பிடாதுன்னுதான் அவரும் சத்தியம் வாங்குனாரு. முந்தாநாளு அந்த வயலை நிரவுனதும் நாந்தான். இதே வரப்பைக் காட்டி, இதே ஒரு விரக்கடை, ‘எங்க அண்ணன் பக்கமா’ன்னாரு. இப்ப ரெண்டு பேரு தண்ணியும் வரப்புல வந்துல்லா முட்டும்? வரப்பை எடுத்திரட்டுமா அண்ணாச்சி?”