முகத்துக்குக் கீழே ஒரு பெயர்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருக்கிறது. போரில் கொல்லப்பட்டு ஒரே குழியில் புதைக்கப்பட்டவர்களுக்கான நினைவுக் கூட்டம் கணினித் திரையில் நடக்கிறது. சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். மகனின் மடிக்கணினி முன் உட்கார்ந்திருக்கும் அம்மா, அப்படிச் செத்துப்போன தன் தம்பியின் போட்டோவை நெஞ்சருகே பிடித்தபடி பேசத் தொடங்குகிறாள். நாலு வார்த்தைக்குள் எதிரே ஒவ்வொரு முகமாக இறுகுகிறது. "அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க," என்கிறார் கூட்டத்தை நடத்துகிறவர். "உங்க முகத்துக்குக் கீழே என்ன பேரு அது?" அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிகிறாள். பிணக்குழி ராஜா. ஆன்லைன் சண்டை விளையாட்டுக்காக மகன் வைத்துக்கொண்ட பெயர். அவன் கணக்கிலேயே கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள். அடுத்த அறையிலிருந்து மகன் பாய்ந்து வருகிறான். அவன் கை பட்டு மௌஸ் தரையில் விழுகிறது. "சும்மா கெத்துக்கு வெச்சதும்மா. ஒரு நிமிஷம், மாத்திடறேன்." "கையை எடு." அவள் குரல் உயரவில்லை. அம்மா எழுந்து, போட்டோவை அவன் கையில் வைத்து, நாற்காலியை அவன் பக்கம் தள்ளுகிறாள். "பேரு உன்னோடதுதானே? உட்காரு. உன் மாமா எங்கே கிடந்தான்னு நீயே சொல்லு."