மைதான வாசல் சண்டை

டெல்மர் தன் மச்சான் ராய்ஸுக்கு அறுநூற்று நாற்பது டாலர் கடன்பட்டிருந்தான். இன்றைக்குள் அடைக்காவிட்டால் டெல்மரின் லாரி ராய்ஸுக்குப் போய்விடும்.

அலபாமாவில், கல்லூரி அமெரிக்கக் கால்பந்து மைதான வாசலில், அலபாமா அணியின் சிவப்புச் சட்டையோடு நின்று டெல்மர் கத்தினான்: "ஒஹாயோக்காரனுங்களா! வந்தவனுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்காத கஞ்சப் பயலுகளா!"

ஒஹாயோ அணியின் சாம்பல் சட்டை போட்ட ராய்ஸ் எதிரே வந்து சீறினான்: "போடா அலபாமாப் பட்டிக்காடு! மொதல்ல செருப்பு மாட்டக் கத்துக்கிட்டு வா!"

இரண்டு பக்கமும் கூட்டம் கொதித்தது. எதிரி ஊரைத் திட்டி அச்சடித்த சட்டைகளைப் பக்கத்து வேனில் அடித்துப்பிடித்து வாங்கி மாட்டிக்கொண்டது.

ஆட்டம் தொடங்கியதும் வாசல் காலியானது. இருவரும் அதே வேனில் ஏறினார்கள். அதில் சட்டை விற்றுக்கொண்டிருந்தவள் டெல்மரின் மனைவி வெர்னா; ராய்ஸிடம் பணத்தை நீட்டினாள். "இந்தாண்ணே, ஒன் பாக்கி."

ராய்ஸ் வாங்கிக்கொண்டான். "ரெண்டு ஊரும் இல்லாம கென்டக்கியில பொறந்த நமக்குப் பந்தை எந்தப் பக்கம் தூக்கிட்டு ஓடணும்னே தெரியாது. அந்தக் கிறுக்கனுங்க மட்டும் இல்லேன்னா, மச்சான், நீ கடனை எங்க அடைச்சிருப்ப?"