முப்பத்தொன்பதாம் எண் கிணறு

"அந்த விரிசலையெல்லாம் தூக்கிடு வெண்டல்" என்றாள் மேலாளர் டார்லா.

வெண்டல் கணினித் திரையைக் காட்டினான். பழைய எண்ணெய்க் கிணறு ஒன்றுக்குள் மின்சாரம் செலுத்தி அளந்த கோடு ஓரிடத்தில் சரிந்து கிடந்தது. பாறையில் மூன்று விரிசல் வரைந்தால்தான் அவன் போட்ட மாதிரிப் படம் அதோடு பொருந்தியது.

"எண்ணெய்க் கழிவுத் தண்ணிய இதுல இறக்கினா, விரிசல் வழியா ஏறிக் குடிதண்ணியில கலந்துடும். மேல யாராவது குடியிருப்பாங்க டார்லா."

"ஓக்லஹோமா முழுக்க யாராவது குடியிருக்கத்தான் செய்வாங்க. உன் மாமியார் இல்லையே! கருவிக் கோளாறுன்னு எழுது. திங்கக்கிழமை நீதான் பிரிவுத் தலைவர்."

போட்டிக் கம்பெனிகள் மோப்பம் பிடித்துவிடும் என்று கிணறுகளுக்கு வெறும் எண்தான். மாதிரிப் படம் போடுகிறவனுக்கும் ஊரைச் சொல்ல மாட்டார்கள். அதுவும் வசதியாகத்தான் இருந்தது. முப்பத்தொன்பதாம் எண்ணின் விரிசல்களை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

இரண்டு மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டின்போது மனைவி ஜோலீன் அவன் தம்ளரில் தங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள்.

"நம்ம வேலிக்கு அந்தப் பக்கம் துருப்பிடிச்சுக் கிடந்ததே எண்ணெய்க் கிணறு, அதுல ஒரு வாரமா கழிவுத் தண்ணி இறக்குறாங்களாம். சண்டைக்குப் போனேன். முப்பத்தொன்பதாம் எண், பாறையில ஒரு கீறல்கூட இல்லேன்னு காகிதத்தை நீட்டினாங்க."

"நீ என்ன சொன்னே?"

"அடியில உன் கையெழுத்தைப் பார்த்தேன். அப்புறம் என்ன பயம்? குடி, ஏன் தம்ளரையே முறைக்கிறே?"