இருபத்தொரு நாள் நீச்சல்

வெள்ளம் கூரை வரை ஏறிவிட்டது. உச்சியில் பூனை நடுங்கிக்கொண்டிருந்தது. வாத்து நீந்தி வந்தது.

"நீந்திப் போயிடலாம் வாடா. இருபத்தொரு நாளா நீச்சல் பழகுறேன்னு ஊரெல்லாம் சொன்னியே?"

"ஒரு நாள்கூட விடலைக்கா. தினமும் விடிஞ்சதும் பிள்ளையார் சுழி போட்டு, பயிற்சி அட்டவணையைப் புதுசா எழுதினேன். முதல்ல கட்டமெல்லாம் கோணலா வந்துச்சு. இப்போ ஸ்கேலே வேணாம், பாரு!"

ஈரக் கூரையில் நகத்தால் ஒரு கோடு கிழித்துக் காட்டியது. பொய் சொல்லக் கூடாது, கோடு நேராகத்தான் இருந்தது.

"குளத்துல?"

"அட்டவணை சரியா வந்ததும் போலாம்னு..."

தண்ணீர் வாலை நனைத்தது. வாத்து முதல் நாள் சொன்னதையே மறுபடியும் சொன்னது: "தண்ணியில இறங்குடா."

பூனை இறங்கவில்லை.