முப்பது புளியங்கொட்டை

கொட்டாங்குச்சியில் பதினொரு புளியங்கொட்டை இருக்க வேண்டும். பாஞ்சாலை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். ஆறுதான் இருந்தது.

இன்றோடு நாலாவது நாள். தினமும் ஐந்து காணாமல் போகிறது.

புருஷன் தேசப்பனுக்குக் கிட்னி கெட்டு ஆறு மாசம். ஒரு நாளைக்கு முப்பது கிராம் புரோட்டீன்தான், மீறினால் ஆள் தேறாது என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். உப்பைக் குறை என்றதைக்கூட அந்த உப்பளத்துக்காரன் சிரித்துக்கொண்டே கேட்டான். மீனைக் குறை என்றதும்தான் முகம் செத்துப்போச்சு. அன்றைக்கே பாஞ்சாலை மீன் சட்டியைக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிட்டாள்.

கிராமை யார் கண்டது? உப்பளத்தில் கூடைக்கு ஒரு புளியங்கொட்டை போட்டு எண்ணிப் பழகியவள் அவள். கிராமுக்கும் ஒரு கொட்டை என்று வைத்துவிட்டாள். விடிந்ததும் கொட்டாங்குச்சியில் முப்பது போடுவாள். இட்லி ஒன்றுக்கு இரண்டை எடுத்துவிடுவாள், தட்டுச் சோற்றுக்கு ஆறு, ஒரு கரண்டி பருப்புக்கு ஐந்து. கொட்டை தீர்ந்ததென்றால் மகாராசாவே வந்து கெஞ்சினாலும் ஒரு பருக்கை கிடையாது.

அந்தக் கொட்டைதான் குறைகிறது. ஐயா எங்கேயோ வாய் வைத்துவிட்டு, தின்றதற்கு நியாயமாகக் கொட்டையையும் எடுத்துவிடுகிறார் என்று முடிவு கட்டினாள். திருடினாலும் கணக்குத் தப்பாத மனுஷன். பஸ் ஸ்டாண்டு லூர்துமேரி சுடும் வடையாகத்தான் இருக்கும்.

மூன்று நாளாக ராத்திரிப் பருப்பை நிறுத்திப் பார்த்தாள். அவன் வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் தின்றுவிட்டு எழுந்தான். அவளுக்குத்தான் வயிறு எரிந்தது.

வாசலில் சைக்கிள் வந்து நின்றது. தேசப்பன் கையில் வாழையிலைப் பொட்டலம். அவன் படி தாண்டுவதற்குள் வறுத்த சங்கரா மீன் வாசம் உள்ளே வந்துவிட்டது.

"தெனமும் எங்கயா துன்னுட்டு வர்ற? நீ போய்ட்டா நான் இன்னாயா பண்ணுவேன்?"

அவன் பொட்டலத்தை அவள் முன்னால் பிரித்து வைத்தான். இடுப்புத் துண்டின் முடிச்சை அவிழ்த்தான். உள்ளே இருபது புளியங்கொட்டை.

"உனுக்குத்தான். என்னால நீயும் ஆறு மாசமா மீனத் தொடல. நாலு நாளா என் பங்குல மிச்சம் புடிச்சேன், துன்னு."

அட கூறுகெட்ட மனுஷா, எனக்கு ஏது கணக்கு என்று சொல்ல வாயெடுத்தாள். மீனைத்தான் பிட்டாள். கண்ணீர் மறைத்ததில் முள் எது, சதை எது என்றே தெரியவில்லை. அவனே முள் பிரித்துப் பிரித்து வைத்தான். அவள் தின்ற ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கொட்டையாகத் தள்ளியும் விட்டான்.

மீன் தீர்ந்தது. தேசப்பன் எண்ணெய் படிந்த தன் விரல்களைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

பாஞ்சாலை கொட்டாங்குச்சியை இழுத்து, அவனுக்கு மிச்சமிருந்த ஆறில் ஒன்றை எடுத்து வெளியே வைத்தாள்.

"நக்கிக்கோ" என்றாள்.